கண்டன்சரை மாற்றினால் ஒலி மாறுமா? வீட்டிலேயே ஒப்பிட்டுப் பார்க்க ஒரு வழிகாட்டி

ஹெட்போன் ஆம்ப்ளிஃபயர் ஒன்றைக் கையால் செய்து முடித்தவர்களுக்கு அடுத்த வாரமே ஒரு கேள்வி எழும். உள்ளே இருக்கும் மலிவான கண்டன்சரை எடுத்துவிட்டு விலை உயர்ந்த ஒன்றைப் போட்டால் பாட்டு இன்னும் நன்றாகக் கேட்குமா? பாடநூல் இதை மின்தேக்கி என்கிறது. இலங்கையில் கொள்ளளவி என்கிறார்கள். சென்னை ரிச்சி தெருவின் மின்னணுப் பொருள் கடைகளில் கண்டன்சர் என்று கேட்டால் போதும், டப்பாவைத் திறந்துவிடுவார்கள். நானும் கடைப் பெயரையே வைத்துக்கொள்கிறேன்.

என் அனுபவத்திலிருந்தே தொடங்குகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் என் ஆம்ப்ளிஃபயரின் உள்ளீட்டில் இருந்த பாலியெஸ்டர் கண்டன்சர்களைக் கழற்றிவிட்டு, பல மடங்கு விலையுள்ள பாலிப்ரோப்பிலீன் கண்டன்சர்களைப் போட்டேன். மிருதங்கத்தின் தொப்பி நாதம் நிறைவாக ஒலித்தது. இரண்டு நாள் மகிழ்ச்சியாகவே இருந்தேன். மூன்றாம் நாள் பழையதையும் புதியதையும் மீட்டரில் வைத்தேன். இரண்டின் மேலும் 0.1 மைக்ரோஃபாரட் (கண்டன்சரின் கொள்ளளவைச் சொல்லும் அலகு) என்றே அச்சிட்டிருந்தது, ஆனால் பழையது 0.083, புதியது 0.108. அந்தச் சுற்றில் இந்த வேறுபாடு 20 ஹெர்ட்ஸில் ஏறக்குறைய 1 டெசிபெல், 41 ஹெர்ட்ஸில் 0.3 டெசிபெல் அளவுக்கு அடித்தொனியைக் கூட்டும். நான் கேட்டது பொய்யல்ல. அதை உருவாக்கியது பிளாஸ்டிக்கின் வகை என்று நினைத்ததுதான் தவறு. அதன் பிறகு, மதிப்பை அளக்காமல் எந்தக் கண்டன்சரையும் நான் ஒப்பிட்டதில்லை. நீங்களும் அங்கிருந்தே தொடங்க வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எதில் சோதிப்பது

புதியவர்களுக்கு நான் பரிந்துரைப்பது சீமோய். 1990களின் பிற்பகுதியில் சூ மோய் என்பவர் வெளியிட்ட எளிய ஹெட்போன் ஆம்ப்ளிஃபயர் இது. உலகெங்கும் ஆயிரக்கணக்கானோர் புதினா மிட்டாய்த் தகர டப்பாவுக்குள் இதைக் கட்டியிருக்கிறார்கள். 9 வோல்ட் பேட்டரியில் இயங்குகிறது, ஆகவே கைதவறித் தொட்டாலும் ஆபத்தில்லை. ஒவ்வொரு சேனலின் உள்ளீட்டிலும் 0.1 மைக்ரோஃபாரட் கண்டன்சர் ஒன்று, அதன் பின்னால் 100 கிலோஓம் தடை ஒன்று. நாம் மாற்றி மாற்றிப் பார்க்கப் போவது அந்தக் கண்டன்சரை மட்டும்தான்.

வால்வு ஆம்ப்ளிஃபயரில் இந்தச் சோதனையைத் தொடங்காதீர்கள். அதனுள் பல நூறு வோல்ட் நிற்கிறது. பிளக்கைப் பிடுங்கிய பின்னும் பெரிய கண்டன்சர்களில் அது தங்கியிருக்கும். கற்றுக்கொள்ளும் காலத்துக்குரிய இடம் அதுவல்ல. சீமோயையும் சோதனையின்போது பேட்டரியில் மட்டுமே ஓட்டுங்கள். அதன் பொதுத்தரை, அதாவது சிக்னலுக்குப் பூச்சியமாகக் கொள்ளும் புள்ளி, பேட்டரியின் எதிர்முனை அல்ல, நடுவில் உருவாக்கப்பட்ட ஒரு புள்ளி. அடாப்டரில் ஓட்டி, கணினியையும் இணைத்தால் அந்த நடுப்புள்ளி எதிர்முனையோடு குறுக்கிணைந்துவிடக்கூடும்.

கண்டன்சர் அங்கே என்ன செய்கிறது

நேர்மின்னோட்டத்தை (டிசி) தடுத்து, பாட்டை மட்டும் உள்ளே விடுவது அதன் வேலை. ஆனால் எல்லா அதிர்வெண்ணையும் ஒரே அளவில் விடாது. கீழே போகப் போக வழி குறுகும். எந்த இடத்தில் ஒலி 3 டெசிபெல் குறைகிறது, அதாவது சரிவுப்புள்ளி எது என்பதை மனக்கணக்காகவே போடலாம். தடையைக் கிலோஓமிலும் கண்டன்சரை மைக்ரோஃபாரடிலும் எடுத்துப் பெருக்குங்கள். கிடைத்த எண்ணால் 159-ஐ வகுங்கள். சீமோயில் 100 முறை 0.1 என்பது 10. 159-ஐ 10-ஆல் வகுத்தால் 15.9 ஹெர்ட்ஸ்.

கேட்கும் எல்லைக்குக் கீழே இருக்கிறதே, அப்புறம் என்ன என்று தோன்றும். ஆனால் சரிவு அங்கே திடீரெனத் தொடங்குவதில்லை. 20 ஹெர்ட்ஸில் ஏற்கெனவே 2 டெசிபெல்லுக்குச் சற்று மேல் இழந்திருப்போம். கண்டன்சர் 20 சதவீதம் கூடவோ குறையவோ இருந்தால் இந்த இழப்பு 1.6 முதல் 3 டெசிபெல் வரை ஆடும். டபுள் பேஸின் மிகத் தாழ்ந்த தந்தி 41 ஹெர்ட்ஸ். அங்கேயும் இரண்டு எல்லைகளுக்கும் இடையே அரை டெசிபெல் வேறுபாடு வரும். ஒரே பெயருள்ள இரண்டு கண்டன்சர்கள் வேறுவேறாக ஒலிக்க இதுவே போதும்.

இந்த வேறுபாடு காதுக்கு எப்படி இருக்கும் என்று முதலில் பழகிக்கொள்ள விரும்பினால், எல்எம்386 சிப்பில் செய்த சிறு ஆம்ப்ளிஃபயரை எடுங்கள். அதன் வெளியீட்டில் 250 மைக்ரோஃபாரட் கண்டன்சர் 8 ஓம் ஸ்பீக்கரோடு சேரும்போது சரிவுப்புள்ளி 80 ஹெர்ட்ஸ். அதை 1000 மைக்ரோஃபாரடாக மாற்றினால் 20 ஹெர்ட்ஸ். பெட்டிக்குள் பொருத்திய, ஓரளவு பெரிய ஸ்பீக்கரில் தவிலைப் போட்டுக் கேளுங்கள். வேறுபாட்டை யாரும் சுட்டிக்காட்டத் தேவையிருக்காது.

வாங்க வேண்டியவை

0.1 மைக்ரோஃபாரடில் மூன்று வகை போதும்: பாலியெஸ்டர், பாலிப்ரோப்பிலீன், செராமிக் டிஸ்க். ஒவ்வொன்றிலும் பத்து வாங்குங்கள். பத்து எதற்கு என்றால், அவற்றை அளந்து ஒத்த ஜோடியைப் பொறுக்குவதற்கு. விலை உயர்ந்த பெயர்பெற்ற வகை ஒன்றையும் சோதிக்க விரும்பினால் அதில் இரண்டு. கூடவே 1 மைக்ரோஃபாரட் பாலியெஸ்டரில் நான்கு. கடைசிப் படிக்கு அது தேவைப்படும்.

மேலே 104 என்று எழுதியிருந்தால் 10-க்குப் பின் நான்கு சுழியம், பிக்கோஃபாரட் கணக்கில். அதாவது 0.1 மைக்ரோஃபாரட். பக்கத்தில் இருக்கும் ஆங்கில எழுத்தைப் பலர் கவனிப்பதில்லை. ஜே என்றால் 5 சதவீதம் வரை விலகலாம், கே என்றால் 10, எம் என்றால் 20. இசட் என்று இருந்தால் 20 சதவீதம் குறைவாகவோ 80 சதவீதம் கூடுதலாகவோ இருக்கலாம். மலிவான செராமிக் டிஸ்க்குகளில் இந்த இசட் அடிக்கடி கண்ணில் படும்.

பாலிஸ்டைரீன் கிடைத்தால் வாங்கலாம், நல்ல பொருள். ஆனால் சூடு தாங்காது. சால்டரிங் அயர்னைக் காலில் நெடுநேரம் வைத்தால் உள்ளே உருகிவிடும்.

அளந்து ஜோடி சேர்ப்பது

கொள்ளளவு அளக்கும் வசதியுள்ள மல்டிமீட்டரோ எல்சிஆர் மீட்டரோ வேண்டும். இதைக் கடன் வாங்கியாவது செய்யுங்கள். முழு வேலையிலும் இதைவிட முக்கியமான படி இல்லை. ஒவ்வொன்றையும் அளந்து, சிறு காகிதத்தில் எழுதிக் காலில் கோத்து வையுங்கள். அளக்கும்போது விரலால் பிடிக்காதீர்கள். பிறகு ஒரு பாலியெஸ்டர், ஒரு பாலிப்ரோப்பிலீன் என்று ஜோடி சேருங்கள். இரண்டின் மதிப்பும் 2 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். மீட்டர் துல்லியமாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை. அதே மீட்டரில் இரண்டும் ஒரே எண்ணைக் காட்டுவதுதான் நமக்கு வேண்டியது.

மீட்டர் கையில் இருக்கும்போதே செராமிக் டிஸ்க்கை வைத்து ஒன்றைப் பாருங்கள். அதை மீட்டரில் மாட்டி, முடி உலர்த்தும் கருவியால் சற்றுச் சூடான காற்றை ஊதுங்கள். ஒய்5வி வகையாக இருந்தால் எண் சரசரவென்று கீழே இறங்கும். அதன் தரக்குறிப்பே 85 டிகிரிக்குள் 82 சதவீதம் வரை குறையலாம் என்று அனுமதிக்கிறது. எக்ஸ்7ஆர் வகை 15 சதவீதத்துக்குள் நிற்கும். சி0ஜி என்னும் செராமிக் ஏறக்குறைய அசையாது. செராமிக் என்று ஒரே பெயரில் எல்லாவற்றையும் திட்டுவது நியாயமில்லை என்பதை இந்த ஐந்து நிமிடம் காட்டிவிடும்.

பொருத்துவது

ஒவ்வொரு முறையும் பற்றவைத்து எடுத்தால் பலகையின் தாமிரப் பட்டை உரிந்துவிடும். கண்டன்சர் இருந்த துளைகளில் வட்டத்துளை ஐசி சாக்கெட்டிலிருந்து வெட்டிய இரண்டு துண்டுகளைப் பற்றவையுங்கள். இனி கால்களைச் செருகி எடுத்தால் போதும். பிரெட்போர்டில் இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள். தளர்ந்த தொடர்பு எழுப்பும் கரகரப்பைக் கண்டன்சரின் குணம் என்று எண்ணிவிடுவோம்.

பெரிய கண்டன்சர் திறந்த வெளியில் நின்றால் வீட்டு மின்கம்பிகளிலிருந்து 50 ஹெர்ட்ஸ் இரைச்சலைப் பிடிக்கும். விலை உயர்ந்தவை பெரும்பாலும் உருவத்திலும் பெரியவை. ஆகவே எல்லாவற்றையும் தரையோடு இணைத்த தகர டப்பாவுக்குள் வைத்தே சோதியுங்கள். ஒலியளவுக் குமிழை ஓரிடத்தில் நிறுத்தி, அசையாதபடி நாடா ஒட்டிவிடுங்கள்.

இடது காதில் ஒன்று, வலது காதில் ஒன்று

ஒன்றைக் கேட்டு, கழற்றி, இன்னொன்றைப் போட்டு, மறுபடி கேட்பதற்குள் இரண்டு நிமிடம் ஓடிவிடும். அவ்வளவு நேரம் நுண்ணிய ஒலி வேறுபாட்டை நினைவில் வைத்திருக்கக் காதால் முடியாது. இதற்கு எனக்கு மிகவும் பிடித்த வழி ஒன்று உண்டு. சீமோயில் இரண்டு சேனல்கள் இருக்கின்றன. இடது சேனலில் பாலியெஸ்டரையும் வலது சேனலில் பாலிப்ரோப்பிலீனையும் செருகுங்கள். இரண்டுக்கும் ஒரே மோனோ ஒலியை அனுப்புங்கள். இப்போது இரண்டு கண்டன்சர்களும் ஒரே கணத்தில் ஒரே பாட்டைக் கடத்துகின்றன.

வெளியீட்டை யுஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ் ஒன்றின் வழியாகக் கணினியில் பதிவு செய்யுங்கள். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் போதும். முதலில் 1000 ஹெர்ட்ஸ் ஒற்றைத் தொனியை அரை நிமிடம் பதியுங்கள். அந்த அதிர்வெண்ணில் இந்தக் கண்டன்சர் எதையும் குறைப்பதில்லை. ஆகவே இடதுக்கும் வலதுக்கும் அளவில் வேறுபாடு தெரிந்தால், அது தடைகளாலோ குமிழாலோ வந்தது. அந்த வேறுபாட்டைக் குறித்து வைத்துக்கொண்டு அதன் பின் இசையைப் பதியுங்கள். தம்புராவின் தொடர் சுருதி, மிருதங்கம், தாழ்ந்த தந்திகள் உள்ள ஏதாவது ஒன்று என்று மூன்று வகை வேண்டும். ஒவ்வொன்றும் இருபது, முப்பது நொடிக்கு மேல் வேண்டாம்.

பதிந்ததை ஆடாசிட்டி மென்பொருளில் திறந்து, இரண்டு சேனல்களையும் தனித்தனி மோனோவாகப் பிரியுங்கள். குறித்து வைத்த அளவு வேறுபாட்டை ஒன்றில் சரிசெய்யுங்கள். 0.1 டெசிபெல்லுக்குள் கொண்டுவர வேண்டும். அதற்கு மேல் கூடினால், சற்று உரக்க ஒலிப்பது நல்ல ஒலி என்று காது தீர்ப்புச் சொல்லிவிடும்.

கழித்துப் பார்த்தல்

இரண்டில் ஒன்றின் அலைவடிவை மேல்கீழாகப் புரட்டி, மற்றதோடு கலந்து கேளுங்கள். முற்றிலும் ஒத்த ஒலிகள் ஒன்றையொன்று அழித்துவிடும். எஞ்சி நிற்பதுதான் இரண்டு கண்டன்சர்களுக்கும் சேனல்களுக்கும் உள்ள மொத்த வேறுபாடு. முதல் முறை இதைக் கேட்டபோது எனக்கு உடல் சிலிர்த்தது. அதுவரை பேச்சாக மட்டுமே இருந்த ஒன்று, காதால் கேட்கக்கூடிய பொருளாகக் கையில் கிடைத்தது.

எஞ்சியது எங்கே இருக்கிறது என்று கவனியுங்கள். இரண்டு கண்டன்சர்களின் மதிப்பும் 2 சதவீதம் விலகியிருந்தால், கணக்குப்படி 41 ஹெர்ட்ஸில் எச்சம் மூல ஒலியைவிட 43 டெசிபெல் கீழே இருக்கும். 1000 ஹெர்ட்ஸில் 70 டெசிபெல் கீழே. விலகல் 20 சதவீதம் என்றால் 41 ஹெர்ட்ஸில் எச்சம் 23 டெசிபெல் மட்டுமே கீழே இருக்கும், தெளிவாகக் கேட்கும். ஆகவே அடியில் மட்டும் லேசான முழக்கம் எஞ்சினால் அது மதிப்பு வேறுபாடு. மேல்சுருதிகளில் ஏதாவது எஞ்சினால் முதலில் அளவுச் சமன்பாட்டைச் சந்தேகியுங்கள்: 0.1 டெசிபெல் பிசகு ஒன்றே எச்சத்தை 39 டெசிபெல்லுக்குக் கீழே இறங்கவிடாது.

அடுத்து, கண்டன்சர்களை இடம் மாற்றிச் செருகி முழுவதையும் இன்னொரு முறை பதியுங்கள். இந்தப் படியை விடவே கூடாது. கண்டன்சரோடு சேர்ந்து இடம் மாறும் வேறுபாடு கண்டன்சருடையது. இருந்த சேனலிலேயே நின்றுவிடும் வேறுபாடு ஆம்ப்ளிஃபயருடையதோ இன்டர்ஃபேஸுடையதோ.

கண்ணை மூடிக் கேட்டல்

எந்தக் கண்டன்சர் ஒலிக்கிறது என்று தெரிந்துகொண்டே கேட்டால் அந்த அறிவும் கேட்பதில் கலந்துவிடும். இது யாருடைய குறையும் அல்ல. மனிதக் காது மூளையோடு சேர்ந்துதான் வேலை செய்கிறது. டேவிட் கிளார்க் 1982-ல் ஒலிப்பொறியியல் கழகத்தின் ஆய்விதழில் விவரித்த ஏபிஎக்ஸ் முறை இதற்காகவே வந்தது. ஏ, பி இரண்டும் என்னவென்று தெரியும். எக்ஸ் என்பது அவற்றில் ஏதோ ஒன்று. எது என்று நீங்கள் சொல்ல வேண்டும். விண்டோஸ் கணினியில் ஃபூபார்2000 மென்பொருளுக்கு இதற்கான இணைப்பு இலவசமாகக் கிடைக்கிறது. பிரித்து வைத்த இரண்டு மோனோ கோப்புகளையும் அதில் ஏற்றுங்கள்.

தொடங்கும் முன்பே 16 முறை என்று முடிவு செய்துகொள்ளுங்கள். நன்றாக வரும்போது நிறுத்துவதும், வராதபோது இன்னும் நாலு என்று நீட்டுவதும் கூடாது. 16-ல் 12 அல்லது அதற்கு மேல் சரியாகச் சொன்னால், அது வெறும் ஊகத்தால் நடந்திருக்க வாய்ப்பு 4 சதவீதத்துக்கும் குறைவு. 8, 9 என்று வந்தால் நாணயம் சுண்டியதற்குச் சமம். அதற்காக இரண்டும் ஒன்றே என்று உடனே எழுதிவிட வேண்டாம். வேறொரு பாட்டில், வேறொரு காலையில், காது களைக்காத நேரத்தில் மீண்டும் செய்யுங்கள்.

மதிப்பு ஒத்த பாலியெஸ்டர், பாலிப்ரோப்பிலீன் ஜோடியில் என்னால் சீமோயில் ஒருமுறைகூட 12-ஐ எட்ட முடிந்ததில்லை. மதிப்பை ஒப்பிடாமல் எடுத்த இசட் எழுத்துச் செராமிக்கில் எளிதாக எட்டினேன்.

பொருளின் தன்மை எங்கே வெளிப்படும்

அப்படியானால் கண்டன்சர் வகை என்பதே வீண் பேச்சா? இல்லை. 1980-ல் அமெரிக்காவின் ஆடியோ இதழில் வால்ட் ஜங்கும் ரிச்சர்ட் மார்ஷும் கண்டன்சர்களின் குறைகளை விரிவாக எழுதினார்கள். அதற்குப் பின் 2002-ல் தொடங்கி எலக்ட்ரானிக்ஸ் வேர்ல்டு இதழில் சிரில் பேட்மன் அவற்றின் ஒலிச்சிதைவை மிக நுணுக்கமாக அளந்து வெளியிட்டார். சிதைவு உண்மையிலேயே இருக்கிறது. ஆனால் அது வெளிப்பட ஒரு நிபந்தனை வேண்டும்: கண்டன்சரின் இரண்டு கால்களுக்கும் இடையே சிக்னல் மின்னழுத்தம் கணிசமாக நிற்க வேண்டும். சரிவுப்புள்ளிக்கு அருகில்தான் அது நிற்கும். சரிவுப்புள்ளியை வெகு கீழே தள்ளிவிட்டால், இசை இருக்கும் இடத்தில் கண்டன்சரின் குறுக்கே ஏறக்குறைய ஒன்றுமே நிற்காது. எலக்ட்ரோலைட்டிக் கண்டன்சரைக்கூட (உள்ளே மின்பகுபொருள் உள்ள வகை) வேண்டியதைவிடப் பல மடங்கு பெரிதாகப் போட்டால் அது அமைதியாகிவிடுவதற்கு இதுவே காரணம்.

தொனிக் கட்டுப்பாட்டுச் சுற்றிலும் ஃபில்டரிலும் கதை வேறு. அங்கே சரிவுப்புள்ளி இசையின் நடுவிலேயே இருக்கிறது, தள்ளிவைக்க முடியாது. காசு செலவழிக்க வேண்டிய இடம் அதுதான். அங்கே பாலிப்ரோப்பிலீனோ சி0ஜி செராமிக்கோ போடுங்கள். எக்ஸ்7ஆர், ஒய்5வி வகைகளை அங்கே அனுமதிக்கவே வேண்டாம். மின்னழுத்தம் ஏறினால் அவற்றின் கொள்ளளவே மாறுகிறது. நேர்மின்னழுத்தம் தாங்கி நிற்கும் இடத்தில் அவற்றைப் பென்சிலால் தட்டினால், அந்தத் தட்டலே ஸ்பீக்கரில் கேட்கக்கூடும்.

புதுக் கண்டன்சர் நூறு மணி நேரம் ஓடினால்தான் ஒலி திறக்கும் என்று பலர் சொல்வார்கள். நெடுநாள் அலமாரியில் கிடந்த எலக்ட்ரோலைட்டிக்கில் கசிவு மின்னோட்டம் ஓட ஓடக் குறைவது உண்மை. பிளாஸ்டிக் படலக் கண்டன்சரில் அப்படி மாறுகிறதா என்பதை நீங்களே பார்க்கலாம். ஒரு சேனலில் நூறு மணி நேரம் ஓடியதையும் மறு சேனலில் அதே மதிப்புள்ள புதியதையும் செருகி, மேலே சொன்ன கழித்தலைச் செய்யுங்கள். நான் செய்தபோது எச்சம் சற்றும் கூடவில்லை.

கடைசிப் படி

இரண்டு சேனல்களிலும் 0.1-ஐ எடுத்துவிட்டு 1 மைக்ரோஃபாரட் பாலியெஸ்டரைச் செருகுங்கள். சரிவுப்புள்ளி 1.6 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். 20 ஹெர்ட்ஸில் இழப்பு 0.03 டெசிபெல்லாகச் சுருங்கும். அதே 2 சதவீத விலகலுக்கு 41 ஹெர்ட்ஸில் எச்சம் 62 டெசிபெல் கீழே போய்விடும். உங்கள் பதிவிலும் அந்த அடி முழக்கம் மங்கியிருப்பதைக் கேட்பீர்கள்.

இன்னும் ஐயம் இருந்தால் கம்பியோடு ஒப்பிடுங்கள். உங்கள் போனோ கணினியோ தரும் வெளியீட்டில் நேர்மின்னழுத்தத்தை மீட்டரில் பாருங்கள். 2, 3 மில்லிவோல்ட்டுக்கு மேல் காட்டினால் இதை விட்டுவிடுங்கள், ஏனெனில் சீமோய் அதைப் 11 மடங்காக்கி ஹெட்போனுக்கு அனுப்பும். அதற்குள் இருந்தால் ஒரு சேனலில் கண்டன்சருக்குப் பதிலாகச் சிறு கம்பித் துண்டைச் செருகி, ஏபிஎக்ஸில் 16 முறை கேளுங்கள். கம்பியிலிருந்து பிரித்தறிய முடியாத கண்டன்சருக்குமேல் இந்த இடத்தில் வேறு எதுவும் வாங்கத் தேவையில்லை.

சோதனை முடிந்ததும் சாக்கெட்டுகளை எடுத்துவிட்டு அந்த 1 மைக்ரோஃபாரட் ஜோடியை நேராகப் பலகையில் பற்றவையுங்கள். அளந்த மதிப்பையும் தேதியையும் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி மூடியின் உட்புறம் ஒட்டிவிடுங்கள்.